ஒரு தபாதான் சொல்வார்

கல்யாண மண்டபத்தில் கேமராக்காரரை எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை. வெளிச்சம் கண்ணில் அடித்தால் மட்டும், "கொஞ்சம் அந்தாண்ட போப்பா" என்பார்கள். எங்கள் ஸ்டூடியோவுக்குப் பதினோரு வருடம் அப்படி விளக்குப் பிடித்த ஒருவர் சில நாட்களாக நினைவில் வந்துகொண்டே இருக்கிறார்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் போடுவேன். கல்யாணத்துக்கு நான் போவது அபூர்வம். யாருக்கு எங்கே எப்படி நடந்தது என்பதெல்லாம் எனக்கு மெமரி கார்டு வழியாகத்தான் தெரியும். எத்தனையோ தாலி, எத்தனையோ மெட்டி பார்த்தாயிற்று. இப்போதெல்லாம் திரையில் மணப்பெண் சிரித்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முகத்தின் நிறத்தைச் சரிசெய்ய எவ்வளவு நேரமாகுமோ என்றுதான் தோன்றுகிறது.

அந்த விளக்குக்காரருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். உயரம், ஒல்லி. பெருநகர் போகிற சாலையில், ஊரைத் தாண்டி இருக்கும் காலனியிலிருந்து சைக்கிளில் வருவார். கல்யாணம் இல்லாத மாதங்களில் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போவார். கடைக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர், "கை கழுவிட்டுத் தொடுப்பா" என்பார். அவர் வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார். இருந்தாலும் மறுபடி போய்க் கழுவிக்கொண்டு வருவார்.

விளக்கை இடது கையில்தான் பிடிப்பார். வலது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். மூன்று மணி நேரம் ஆனாலும் அந்த விளக்கு ஆடாது. அவர் பிடித்த படங்களில் மணப்பெண்ணின் மூக்கு நிழல் உதட்டின் மேல் விழுந்து நான் பார்த்ததில்லை. வேறு ஆள் பிடித்த படமென்றால் திறந்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு வேலை இரண்டு மடங்கு.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. எதையாவது வேண்டாம் என்று சொல்வதென்றால் ஒரே ஒரு தரம்தான் சொல்வார். கேட்டால் கேட்கலாம். கேட்காவிட்டால், அந்தத் தப்பான காரியத்தையே நம்மோடு சேர்ந்து ஒழுங்காகச் செய்து முடிப்பார். பிறகு "அன்னிக்கே சொன்னேனே" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது.

தென்னேரி ஏரிக்கரையில் ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் வைத்துப் படம் எடுக்கப் போயிருந்தார்கள். வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் நடந்ததெல்லாம் அப்படியே பதிவாகி என்னிடம் வந்தது. மாப்பிள்ளை புது ஷூவோடு தண்ணீர்ப் பக்கம் நடக்கிறார். விளக்குக்காரரின் குரல் கேட்கிறது.

"சார், அந்தாண்ட போவாதீங்க. மேல காஞ்சமாரி கீது. உள்ள சேறு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நீ லைட்ட காட்டு."

நாலாவது அடியில் மாப்பிள்ளை முழங்கால்வரை இறங்கிவிட்டார். பெண் சிரிக்கிறாள்; என் வீட்டுக்காரரும் சிரிக்கிறார்; படம் குலுங்குகிறது. அவர் சிரிக்கவில்லை. விளக்கைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, மாப்பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். திரும்பவும் இறங்கித் துழாவி ஷூவை எடுத்தார். அப்புறம் தன் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தார். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தே எடுத்து வந்திருக்கிறார். அதற்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேமராவைப் பற்றி அவருக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. பந்தி முடிகிறவரை மண்டபத்து மூலையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஏதோ சினிமா பார்க்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பார்த்ததெல்லாம் எந்தக் கேமராவுக்கு எந்த லென்ஸ் சேரும், எது சேராது என்பதுதான். இந்தியில் பேசினாலும் பார்ப்பார், இங்கிலீஷில் பேசினாலும் பார்ப்பார். பாதி புரியும், மீதியைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். வாலாஜாபாத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள்கூடப் புதிதாக எதையாவது வாங்குவதற்கு முன் அவருக்கு ரகசியமாகப் போன் போடுவார்கள். சொந்தமாக ஒரு கேமரா இல்லாத மனிதர் அவர்.

எங்கள் பழைய கேமரா தேய்ந்துபோன வருடம் கண்ணாடி இல்லாத கேமரா, அதாவது மிரர்லெஸ், வாங்குவது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். கண்ணாடி என்றால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விளக்குக்காரர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய கேமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது படக்கென்று மேலே தூக்கிக்கொள்ளும். புதுசில் அது இல்லாததால் உடம்பு ஒல்லியாகிவிட்டது. லென்ஸ் மாட்டுகிற வாயும் மாறிவிட்டது. "ஒரு பாட்டில் மூடி இன்னொரு பாட்டிலுக்குச் சேருமாக்கா? அந்தக் கதைதான்" என்றார்.

எங்களிடம் பழைய வாய்க்கென்று செய்த லென்ஸ் ஆறு இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சீசனின் உழைப்பு. சென்னையில் ஒரு கடைக்காரர், நடுவில் ஒரு வளையம் போட்டால் ஆறும் புதுக் கேமராவில் வேலை செய்யும் என்று மாட்டியே காட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் அந்த அடாப்டரை வாங்கி வந்து சந்தோஷமாக மேஜைமேல் வைத்தார். விளக்குக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டும்ணே. மாட்டறது வேற, வேல செய்யறது வேற."

"வேலயும் செஞ்சிச்சிப்பா. ஜம்முனு ஃபோகஸ் ஆச்சி."

"கட வெளிச்சத்துல ஆவும்ணே. நம்ப லென்ஸுக்குள்ள கீற மோட்டாரு பழைய கேமராவுக்குச் செஞ்சது. ஒரே தாவா தாவி நிக்கும். புதுசு அப்டி கேக்காது. கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்னன்னு பொடிப்பொடியா நவரச் சொல்லும். ஓமப் புகையில தடுமாறிப் பூடும். அதுவுமில்லாம இது கேமராக்காரன் செஞ்ச வளையம் இல்ல. நாளைக்கு அவன் அப்டேட்டு ஒண்ணு வுட்டான்னா, இது யாருன்னே அதுக்குத் தெரியாது. ஆறையும் இப்பவே வித்துட்டு, புது வாய்க்குன்னே வர லென்ஸு ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. ஒண்ணு போதும்."

"ஆறு கீற எடத்துல ஒண்ணா? நீ லைட்டு புடிக்கற வேலைய மட்டும் பாருப்பா."

"சரிண்ணே."

அவ்வளவுதான். அடாப்டரைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. நானும் சொல்லவில்லை. அந்த வருடம் எனக்கு யாரோடும் வாதாடத் தெம்பில்லை.

அடுத்த மாதம் பெருநகர் பக்கம் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பெண்ணின் அப்பா அரிசி மில் வைத்திருந்தார். கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். தூண்களுக்கு நடுவே புகை வெளியேற வழியில்லாத இடம். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய கேமராவை, அதற்கென்றே உள்ள ஒரு லென்ஸோடு, விளக்குக்காரர் தன் தோளில் மாட்டிக்கொண்டு போயிருந்தார்.

மறுநாள் கார்டைத் திறந்தேன். தாலி கட்டும் நேரத்தில் புதுக் கேமராவில் பதினோரு படம். பதினொன்றிலும் மணமக்கள் முகம் மங்கல். ஒன்றில் ஐயர் பூணூல் தெளிவாக இருக்கிறது. ஒன்றில் பின்னாலிருந்த தூண். திரும்பக் கட்டச் சொல்ல முடியுமா?

பழைய கேமராவின் கார்டில் மூன்றே படங்கள் இருந்தன. மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சில். பெண்ணின் தங்கை பின்னாலிருந்து சடையைத் தூக்கிப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் பெண்ணின் அப்பா, தோள் துண்டின் முனையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு நிற்கிறார். அத்தனை கூட்டத்தில் அவர் அழுததை வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"இது யார் எடுத்ததுங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

பேன்ட் பாக்கெட்டில் எதையோ தேடுகிற மாதிரி நின்றார். "அதான் நல்லா கீதில்ல. அட்டையில போடு."

விளக்கைக் கொண்டுவந்து வைக்க அவர் வந்தபோது அவரையே கேட்டேன். "நீங்கதானே எடுத்தீங்க?"

"லைட்ட புடிச்சிக்கினுதாங்கா நின்னேன்" என்றார். "ஒரு கை சொம்மா இருந்திச்சி."

அந்தப் படத்தை ஆல்பத்தின் அட்டையில் போட்டேன். கீழே எங்கள் ஸ்டூடியோ பெயரைப் போட்டேன். போட்டது நான்தான். என் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மில்காரர் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கே வந்தார். அட்டையைத் தடவிக்கொண்டே, "என்னிய இப்டி ஒருத்தன் பாத்துக்கினு இருந்திருக்கான்னு எனக்கே தெரியலப்பா" என்றார். "சின்னவ கல்யாணத்துக்கும் நீதான். இதேமாரி எடுக்கணும்."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். படத்தை எடுத்தவர் மூலையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுகிற கை நிற்கவில்லை.

சின்னவள் கல்யாணம் ஒன்றரை வருடம் கழித்து வந்தது. அதற்குள் புது வாய்க்கான லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டோம். அன்று காலையில் என் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, மேடைக்குக் கீழே கேமராவைக் கழற்றி அவரிடம் நீட்டியிருக்கிறார். இதைப் பிற்பாடு, ரொம்ப நாள் கழித்து, என் வீட்டுக்காரரே என்னிடம் சொன்னார்.

"நீ எடுப்பா. நான் லைட்ட புடிக்கறேன்."

"வேணாம்ணே. அவங்களுக்குப் புடிக்காது."

"நான் கீறேன் இல்ல? எடு."

அவர் மறுபடி மறுக்கவில்லை. ஒரு தரம் சொல்லியாயிற்று. வாங்கிக்கொண்டார்.

நான் அதைத் திரையில்தான் பார்த்தேன். அன்றைய கார்டில் முதல் நாற்பத்திரண்டு படங்கள். மாலையை எடுத்துக்கொடுக்கும் ஒரு கிழவியின் கை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிற சமையல்காரர்கள். மணப்பெண் கூரைப்புடவை முந்தானையைத் தானே சரிசெய்துகொண்டு, யாரையோ தேடுகிற பார்வை. ஒவ்வொன்றையும் திறக்கத் திறக்க நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனையோ வருடம் கழித்து ஒரு கல்யாணத்தைப் பார்க்கிறேன் என்று இருந்தது. நாற்பத்துமூன்றாவது படத்தில் கை மாறிவிட்டது. அதிலிருந்து எல்லாம் எங்கள் படங்கள். வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கிறவர்கள்.

நடந்தது இதுதான். மில்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்.

"இன்னாபா இது? லைட்டு புடிக்கற ஆள் கைல குடுத்துட்டு நீ வேடிக்க பாத்துக்கினு கீற? மேடைல எங்காளுங்க நிக்கறாங்க. நீ எடு."

என் வீட்டுக்காரர் கையை நீட்டியிருக்கிறார். அவர் கேமராவைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொண்டார். கடைசிவரை பிடித்தார். சாமான்களை வண்டியில் ஏற்றினார்.

"அட்டையில கீற படம் இவரு எடுத்ததுதான்னு நீங்க சொல்லிருக்கலாமே" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சொல்லிருக்கலாம்."

"அப்புறம்?"

"சொல்லல."

அந்தக் கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் நான் விளக்குக்காரருக்குப் போன் செய்தபோது, "நடவு கீதுக்கா" என்றார். அதற்கடுத்த முறை கரும்பு. மூன்றாவது முறை எனக்கே கேட்கக் கூச்சமாகிவிட்டது. வேறு வேறு ஆட்கள் விளக்குப் பிடிக்க வந்தார்கள், போனார்கள். மூக்கு நிழலைத் துடைத்துத் துடைத்து என் மணிக்கட்டு வீங்கியது.

ஒருநாள் கேமரா ஏதோ அப்டேட் கேட்டது. வீட்டுக்காரர் சரி என்று அமுக்கினார். அத்தோடு அந்த அடாப்டர் செத்தது. மாட்டினால் மாட்டுகிறது, கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியவில்லை. பழைய வாய்க்கு இனிமேல் லென்ஸ் செய்யப்போவதில்லை என்று கம்பெனியும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். ஆறு லென்ஸையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனவர், நாலை விற்று, விலைபோகாத இரண்டைத் திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். இந்தப் புது வாயாவது நிலைக்குமா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார். கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு ஆள் இருந்தார். அதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

விளக்குக்காரர் வேலைக்கு வராமல் நின்று இரண்டு வருடம் கழித்து, ஆவணி மாதம், ஒரு மத்தியானம். கடையில் நான் மட்டும் இருந்தேன். வெளிக்குழாயில் யாரோ கை கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மெமரி கார்டை மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, ஆல்பம் ஒண்ணு போட்டுத் தரணும்."

"இப்ப யாருக்கு லைட்டு புடிக்கறீங்க?"

"லைட்டு இல்லக்கா. நானே எடுக்கறேன். எங்க பக்கத்துக் கல்யாணம்தான். இது பதினேழாவது. மத்ததெல்லாம் செங்கல்பட்டுல போட்டேன். அவன் எல்லார் மூஞ்சியயும் வெள்ளையாக்கிடறான்."

பையிலிருந்து கேமராவைக் காட்டினார். எங்களிடம் இருந்ததே மாதிரியான பழைய ஜாதிக் கேமரா, கண்ணாடி உள்ளது.

"இதுக்குத்தான் இனிமே எதுவும் வராதுன்றாங்களே?"

"அதாங்கா நல்லது. எல்லாரும் சல்லிசா வித்துட்டுப் போறாங்க. அந்தப் பழைய லென்ஸு எத எடுத்தாலும் இதுல மாட்டும், மாட்டினா வேலையும் செய்யும். புதுசா எவனும் வந்து எதையும் மாத்தப் போறதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு மூணு வருஷம் ஓடும். ஷட்டரு தேஞ்சிக்கினுதான் வருது. அப்பால நானும் மாறித்தான் ஆவணும். அந்தப் பேஜாருக்கு யாரும் தப்ப முடியாது."

கார்டைத் திறந்தேன். காலனித் தெருவில் சாமியானா. சிமென்ட் மேடை. மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கிற பெண்கள், அவரவர் நிறத்தில், வெயிலில் களைத்து, ஒருத்தி மடியில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு. ஒரு படத்திலும் மூக்கு நிழல் தப்பாக விழவில்லை.

"லைட்டு யார் புடிக்கறாங்க?"

"எங்க வூட்டுல" என்றார். அப்போதுதான் லேசாகச் சிரித்தார். "கைய ஆட்டாத நிக்குது. நான் அந்தளவுக்கு நிக்கமாட்டேன்."

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "உக்காருப்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனவர் மூன்று டீயைத் தானே பிடித்துக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைக்கும்போது கொஞ்சம் சிந்தியது. திரையில் இருந்த படங்களை நின்றபடியே பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, விற்காத அந்த இரண்டு லென்ஸையும் எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"டீ ஆறுதுண்ணே" என்றார் அவர்.

மூன்று பேரும் குடித்தோம். அவர் லென்ஸ் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, "இதுல பூஞ்ச புடிச்சிக்கினு கீது. இது நல்லா கீது" என்று நல்லதை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். மற்றதைத் திரும்ப எங்கள் பக்கம் தள்ளினார். வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

பத்து நாளில் ஆல்பத்தை முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அடியில் எடுத்தவர் பெயர் போடுகிற இடம் காலியாக இருந்தது.

"ஸ்டூடியோ பேரு எதுனா வெச்சிக்கினு கீறீங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா. வுட்ருங்க."

"எடுத்தவங்க பேரு இல்லாம நான் அனுப்பமாட்டேன். இனிஷியலோட சொல்லுங்க."

சொல்லிவிட்டு எனக்கே சுருக்கென்றது. கூப்பிடுகிற பெயர் எனக்குத் தெரியும். ஆனால் பதினோரு வருடமும் என் போனில் அவர் 'லைட்டு' என்றுதான் இருந்தார். முழுப் பெயரும், அப்பா பெயரின் முதல் எழுத்தும் எனக்குத் தெரியாது. ஒருநாளும் எழுத வேண்டி வந்ததில்லை.

அவர், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்கிற மாதிரி, இனிஷியலோடு சொன்னார். ஓர் எழுத்து சரிதானா என்று கேட்டுக்கொண்டு அடித்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"எழுத்து கொஞ்சம் பெருசா கீதுக்கா. சின்னதா பண்ணுங்க."

நான் அதே அளவில் பிரிண்டுக்கு அனுப்பினேன்.